லிஃப்ட்டுக்கு எதிராக நான் வாதாடிய விதம்

நேப்பிள்ஸ் துணிச் சந்தையில் என் அப்பா லைனிங் துணி விற்றார். நான் பதின்மூன்றாம் நூற்றாண்டை விற்கிறேன். பல்கலைக்கழகத்தில் அதற்கு இடைக்காலக் கிறிஸ்தவத் தத்துவம் என்று பெயர். அப்பாவின் சரக்காவது கோட்டுக்குள் போய் யார் குளிருக்காவது ஆகும். என் சரக்குக்கு ஆள் பிடிக்க நான் படாத பாடில்லை.

கடைசியில் ஒன்று போணியாயிற்று. அந்தக் காலத்துத் துறவிகள் கூடி வாதாடும்போது, மறுத்துப் பேசுகிறவர் முதலில் எதிராளியின் கட்சியைத் தன் வாயால் திருப்பிச் சொல்வார். அதன் பிறகுதான் பதில். டிவியில் ஆளாளுக்குக் கத்துகிற இந்தக் காலத்துக்கு இதைவிட நல்ல மருந்து உண்டா என்று ரேடியோவிலும் மாதா கோவில் அரங்குகளிலும் முழங்கினேன். ‘ஆமாம், இதுதான் நான் சொன்னது என்று எதிராளி ஒப்புக்கொள்ளும் வரை விடக்கூடாது’ என்பது நானாகச் சேர்த்தது. துறவிகள் அவ்வளவு கறாராக இருந்தார்களா என்பது சந்தேகம். ஆனால் விற்கிற சரக்குக்குக் கொஞ்சம் மெருகு வேண்டாமா?

அப்போதுதான் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பேச்சு வந்தது. நடுமுற்றத்தில்தான் இடம். வைத்தால் அதன் இரும்புக் கூண்டு முதல் மாடியில் என் சமையலறை பால்கனிக்கு நேரே எழும்பும். காலை வெயில் போச்சு. லிஃப்ட் கேட்டவர் நான்காம் மாடி அசுந்தா அம்மாள், எங்கள் ஊர் மரியாதையில் டோன்னா அசுந்தா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நின்று நின்றே மூட்டு தேய்ந்தவர். முதல் ஓட்டெடுப்பு சரிபாதியில் நின்றது. இரண்டாம் கூட்டத்தில் இரண்டு பேரையாவது என் பக்கம் இழுத்துவிடுவது என்று தயாராகப் போனேன். முற்றத்தில் அவரவர் நாற்காலியோடு எல்லோரும் வந்திருந்தார்கள். என் வகுப்பைவிடக் கூட்டம் அதிகம்.

“முதல்ல டோன்னா அசுந்தாவோட கட்சியை நானே சொல்றேன்,” என்று எழுந்தேன். “அவங்களுக்கு மூட்டு வலி, படி ஏற முடியல, அதனால லிஃப்ட் கேக்கறாங்க. சரிதானே?”

“இல்ல.”

“இல்லையா?”

“வலி இருக்கு. அதுக்கு மாத்திரையும் இருக்கு. அதுக்காகக் கேக்கல.”

“ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போகணும்னா...”

“என்னை அனுப்பி வைக்கிற அவசரம் உங்களுக்குத்தான், புரொபசர்.”

முற்றமே சிரித்தது. கட்டட நிர்வாகி காத்தெல்லோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “விடுங்க. நேரா உங்க பதிலைச் சொல்லுங்க.”

அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். என் மனைவி நுன்சியா விடவில்லை. “அதெப்படி? அவங்க ஆமான்னு சொல்ற வரைக்கும் விடக்கூடாதாமே. ரேடியோவுல சொன்னாரே!”

என் ரேடியோ பேச்சை ஒரு ஆள் கேட்டிருக்கிறது என்று சந்தோஷப்படக்கூட அது நேரமில்லை.

“சரி. அவங்களால மார்க்கெட்டுக்குப் போக முடியல. மீன், காய் கிடைக்கல.”

“கிடைக்குதே. சனிக்கிழமையானா நீங்கதானே தூக்கிட்டு வந்து தர்றீங்க?”

உண்மை. நான்கு மாடியும் நான்தான் சுமப்பேன். வழியில் யாராவது எதிர்ப்பட்டால் கொஞ்சம் பெரிதாக மூச்சு வாங்குவேன்.

“போன வாரம்கூட நெத்திலி கொண்டாந்தேன்.”

“நசுங்கிப் போயிருந்துச்சு.”

“சொல்லவே இல்லையே?”

“நன்றி சொன்னேன்,” என்றார். அந்த ‘நன்றி’யைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

சந்தையில் வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

“அவங்களுக்கு மீன்காரன்கிட்ட சண்டை போடணும்,” என்றேன். “செவுளைத் தூக்கிப் பாக்கணும். இதையெல்லாம் பூனைக்குப் போடுன்னு சொல்லிட்டுத் திரும்பி நடக்கணும். அவன் கெஞ்சிக் கூப்பிடணும். அதுக்குப் பதிலா வீட்ல உக்காந்து, எதைக் கொண்டாந்து கொடுத்தாலும் வாங்கிட்டு நன்றி சொல்ல வேண்டியிருக்கு. முக்கியமா எனக்கு. எனக்கு நன்றி சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போச்சு. அதுக்குத்தான் லிஃப்ட்.”

டோன்னா அசுந்தா மெல்லத் தலையாட்டினார். “ஆமா. இதுதான்.”



“இப்ப உங்க பதில்,” என்றார் காத்தெல்லோ.

இந்த இடத்தில் துறவிகளிடம் பக்கம் பக்கமாகப் பதில் இருக்கும். என்னிடம் இருந்தது ஒரு பால்கனி. எதிர்க்கடைச் சரக்கைத் தன் கடை வாசலில் நின்று கூவி விற்றவன் எங்கள் பரம்பரையிலேயே நான் ஒருவன்தான்.

“பதில் இல்ல,” என்றேன். லிஃப்ட் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது என் கையும் மேலே போயிற்று. போன தடவை மடியில் கிடந்த சில கைகளும் கூடவே எழுந்தன.

“வெயிலைப் பத்தி வாயே திறக்கலையே?” என்றாள் நுன்சியா.

“திறந்தா அவங்க அதைத் திருப்பிச் சொல்லணுமே.”

“சொல்லியிருப்பாங்க. ‘வெயில் வேணும்’. ரெண்டே வார்த்தைதானே!”

டோன்னா அசுந்தா எழுந்து வந்தார். “லிஃப்ட் வர்ற வரைக்கும் சனிக்கிழமை வாங்க, புரொபசர். ஆனா இனிமே நன்றி கிடையாது.”

சொன்னபடியே செய்கிறார். அடுத்த சனிக்கிழமை கத்தரிக்காயை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, “இதை யாரு தலையில கட்டினாங்க உங்களுக்கு?” என்று பையைத் திருப்பி நீட்டினார். இறங்கிப் போய், காய்க்காரனிடம் மல்லுக்கு நின்று, மாற்றிக்கொண்டு மறுபடி ஏறினேன். இம்முறை மூச்சு தானாகவே வாங்கியது.

“இது பரவாயில்ல,” என்றார்.

லிஃப்ட்டுக்கு நகராட்சி அனுமதி இன்னும் வரவில்லை. நான்தான் நடையாய் நடந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.