கிருஷ்ணப்பனின் வலது கை

அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்து முதல் புத்தகத்தை எடுத்த ரஞ்சிதா, வண்ணப் பக்கங்கள் வந்த இடத்தில் நின்றுவிட்டாள். ஓவியர் முத்துமணியைப் பற்றிய நூல். அதில் முக்கியமான படம், பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணப்பன். கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் விரல்களை இழந்த கையை மடியில் மலர்த்தி வைத்திருப்பார். அவர் இழந்தது வலது கை விரல்களை. புத்தகத்திலோ இடது கையில்தான் விரல்கள் இல்லை.

வெளியீடு அன்று மாலை. முதல் பிரதியை வாங்கிக்கொள்ளப் போகிறவரே கிருஷ்ணப்பன்தான்.

பக்கங்களை வடிவமைத்த பிரவீனா பெங்களூரில் இருந்தாள். போனில் பிடித்துக் கேட்டபோது, "முகம் பக்கத்துக்கு வெளிய பாத்துட்டு இருந்துச்சுக்கா. உள்பக்கம் பாக்கட்டும்னு படத்த இடம்வலமா மாத்தித் திருப்பினேன். எல்லாரும் பண்றதுதான். ப்ரூஃப் அனுப்புனப்ப ஓகேன்னீங்களே?" என்றாள்.

சொன்னது உண்மைதான். ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில், தூக்கத்துக்கு நடுவே போனில் பார்த்துவிட்டுச் சொன்னது. சிப்காட்டில் ரஞ்சிதாவின் வேலையே, கார்களுக்கான இடப்பக்க பிராக்கெட்டும் வலப்பக்க பிராக்கெட்டும் ஒரே பெட்டியில் கலந்துவிடாமல் பார்ப்பது.

"விட்டுரு," என்றான் கமலக்கண்ணன். கணவன் மனைவி இருவரும்தான் அந்தப் பதிப்பகம். "ஓவியப் புத்தகம்னாலே பாதிப் பேரு பிரிச்சே பாக்க மாட்டான். இதுல எந்தக் கைன்னு யாரு பாக்கப் போறா?"

"அவரு பாப்பாரு."

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கிருஷ்ணப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அடடே, வலது கைய திருப்பிக் குடுத்துட்டியேம்மா! கம்பெனிக்காரங்கிட்ட காட்டி மறுபடியும் வேலை கேக்கட்டுமா? என்னாத்துக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? இருந்துட்டுப் போவுது. காவேரிப்பட்டணத்துலருந்து எங்காளுங்க வேன் வச்சு வர்றாங்க, என் படத்தப் பாக்க."

டீ கொண்டுவந்த அவர் மனைவி செல்வம்மாள் குனிந்து பார்த்தாள். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"இந்தக் கைதான இப்ப சோறு திங்குது. இதயும் வெட்டிப் போட்டு வச்சிருக்கீங்க?"

"படந்தான செல்வா."

"உனுக்குப் படம். அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவ நானு. நல்லாருக்கற கைய இல்லாத மாதிரி கண்டவங்க வூட்ல எல்லாம் வச்சிருப்பாங்களா? எனுக்கு வேணாம். எடுத்துரும்மா."

"எல்லாப் புத்தகத்துலயும் அச்சாயிருச்சு மதினி."

"அப்ப எல்லாத்துலயும் எடு."

"ஊர்ல எல்லாரு கிட்டயும் சொல்லி வச்சிருக்கறன்டி," என்றார் கிருஷ்ணப்பன். செல்வம்மாளின் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தார். புத்தகத்தை மூடி ரஞ்சிதாவிடம் கொடுத்தார். "எடுத்துரும்மா."

வாசலுக்கு வந்துதான் படம் இருந்த தாளின் மறுபக்கத்தைப் பார்த்தாள். தான் ஏன் வரைய ஆரம்பித்தேன் என்று முத்துமணி எழுதியது அங்கே இருந்தது. அந்த நூலில் அவரே எழுதிய ஒரே பக்கம். அவரை அழைத்து நடந்ததைச் சொன்னாள். எதிர்முனையில் லாரிச் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்.

"மதினி ரொம்பப் பயப்படுதாகளா?"

"ஆமாண்ணே."

"வெட்டிரு. என்னத்த எழுதிட்டேன்."

மதியம் முழுக்க ஸ்கேலும் பிளேடுமாக அவளும் கமலக்கண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். புத்தக முதுகை ஒட்டி வெட்டினால் பசை விட்டுவிடும். விரலகலம் விட்டு, ஒவ்வொன்றாக வெட்டினார்கள். வெட்டிய தாள்களை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டார்கள். சாப்பிட நேரமில்லை. கமலக்கண்ணன் இடையில் ஒருமுறை, "இத்தோட நிறுத்திக்குவோமா?" என்று கேட்டான். வெட்டுவதையா, பதிப்பகத்தையா என்று கேட்காமல் அவள் அடுத்த பிரதியை எடுத்தாள்.

தொழிற்சங்க ஹாலில் காவேரிப்பட்டணத்திலிருந்து வேனில் வந்தவர்கள் முன்வரிசையை நிரப்பியிருந்தார்கள். கிருஷ்ணப்பன் வலது மணிக்கட்டை அடியில் கொடுத்து, இடது கையால் பிரதியை வாங்கிக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் உறவுக்காரர் ஒருவர் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். "உம் படம் எங்கய்யா? பெருசா சொன்ன?"

"அடுத்த பதிப்புல போடறாங்க," என்ற கிருஷ்ணப்பன், ரஞ்சிதா பக்கம் திரும்பினார். "இல்லம்மா?"

அவர்கள் போட்ட புத்தகம் எதுவும் இரண்டாம் பதிப்பு கண்டதில்லை. பக்கத்தில் நின்ற செல்வம்மாளும் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணே, சரியான கையோட," என்றாள் ரஞ்சிதா. பிறகு விற்காத பிரதிகளைக் கட்டப் போனாள்.