வெல்பெயர் வேட்பாளர்

அஜந்தா மாநகரசபைத் தேர்தலில் நிற்க முடிவெடுத்தது ஒரு குழந்தையின் பனி உடுப்பைப் பார்த்துத்தான். செயின்ட்-மிஷேலில், பகலில் குழந்தைகளைப் பராமரிக்கும் கார்டெரி ஒன்றில் அவளுக்கு வேலை. ஒருநாள் காலை றெஜினாவின் மகளுக்குப் பனி உடுப்பைக் கழற்றினால், உள்ளே இரவில் படுக்கும் சட்டை.

"இதோடதான் படுக்க வச்சனான் அக்கா" என்றாள் றெஜினா. "வீட்டில ஹீற்றர் வேலை செய்யேல்லை. ஓனர் ஏதோ ஒரு கம்பனி. போன் எடுத்து எடுத்து அலுத்துப்போனன்." டோர்வலில் விமானம் துப்புரவாக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டதால், அதற்கு மேல் நின்று அழக்கூட அவளுக்கு வசதியில்லை.

வாடகை வீடுகளைச் சபை ஆட்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும், குளிரில் ஆட்களை வைத்திருக்கும் முதலாளிக்குத் தண்டம் போட வேண்டும். அஜந்தாவிடம் இருந்த வாக்குறுதி இவ்வளவுதான். அதோடு நின்றிருக்கலாம். அறிமுகக் கூட்டத்தில் மைக் கைக்கு வந்ததும் இன்னொன்றையும் சொல்லித் தொலைத்தாள்.

"நான் ஒரு முதலாளியிட்டையும் கை நீட்டமாட்டன். சட்டப்படி அரசாங்கம் தாற காசிலதான் எலக்சன் கேப்பன்."

முன்வரிசையில் இருந்து தியாகலிங்கம் எழுந்தார். கோயில் திருவிழா, உதைபந்தாட்டப் போட்டி, செத்தவீட்டு மலர்வளையம், எதை எடுத்தாலும் உபயகாரர் அவர்தான்.

"அப்ப பிள்ளை வெல்பெயரிலயோ எலக்சன் கேக்கப்போறாய்?"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அரசாங்கத்தின் அந்த உதவிக் காசில் சோறு தின்றவர்கள். ஆனாலும் எங்கள் சனத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மானம் போய்விடும். அஜந்தாவின் தாய் புஷ்பராணி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் காலத்தில் வெல்பெயர் செக்கை மாற்ற, தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக்கூடாதென்று, மெற்றோ எடுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய் வரைக்கும் போனவள் அவள்.

அஜந்தாவுக்கு வந்தது வெட்கமில்லை, ஆத்திரம். ஊருக்குப் பொதுவான காசை வாங்கினால் பிச்சைக்காரி, ஒரு முதலாளியின் காசை வாங்கினால் கௌரவக்காரி! இது எந்தக் கோதாரி நியாயம்?

ஆனால் அரசாங்கமும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தேர்தல் முடிந்து, போதுமான வாக்கு விழுந்திருந்தால்தான் செலவைத் திருப்பித் தருமாம். அதுவரைக்கும் வங்கியில் கடன் எடுத்துச் சமாளிக்க வேண்டும். கடனுக்குப் பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும். அஜந்தாவின் கணவன் பிருந்தன், மண்டபத்தில் கைதட்டியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டான். எல்லோரும் தேத்தண்ணி கொடுத்து, "பேந்து பாப்பம்" என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல வாய் வராது. பேந்து பாப்பம், அதாவது பிறகு பார்க்கலாம் என்றால், அந்தக் கதை அதோடு சரி.

மகள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், அவளுக்குச் சொல்லாமலே தாய் தியாகலிங்கத்திடம் போனாள். அவர் அடுத்த நாளே பிருந்தனோடு வங்கிக்குப் போய்க் கையெழுத்தும் வைத்துவிட்டார்.

"காசு வாங்கேல்லைத்தானே, வெறும் கையெழுத்துத்தானே பிள்ளை" என்றாள் புஷ்பராணி.

அன்றைக்கே வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அச்சகத்தில் நோட்டீஸ் பாதி அடித்தாயிற்று. சட்டத்திலும் பிழையில்லை. தியாகலிங்கம் பதிலுக்கு எதுவும் கேட்கவுமில்லை. அஜந்தா வாயை மூடிக்கொண்டாள்.

தேர்தலுக்கு முந்திய கடைசிக் கூட்டம் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் நடந்தது. கேள்வி நேரத்தில் றெஜினா மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, எங்கட வீட்டு ஓனர் கம்பனி ஆரின்ரையெண்டு இப்பத்தான் கண்டுபிடிச்சனான். தியாகலிங்கம் அங்கிளின்ர. அந்தா, முன்னுக்குத்தான் இருக்கிறார். இந்தக் குளிருக்கும் ஹீற்றர் திருத்தேல்லை. நீங்கள் இப்ப அவருக்கு என்ன சொல்லுவியள்?"

தியாகலிங்கம் காலுக்கு மேல் கால் போட்டபடி, மேடையைப் பார்த்துப் புன்னகைத்தார். கோபமே இல்லாத புன்னகை. அவர் கையெழுத்தைத் திருப்பி எடுத்தால் என்ன ஆகும்? எடுக்கத்தான் முடியுமா? அதைக்கூட அவள் யாரிடமும் கேட்டு வைத்திருக்கவில்லை. இரண்டாம் வரிசையில் தாய், 'வேண்டாம் பிள்ளை' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். மேடைக்குப் பின்னால் சுவர். முன்னால் இத்தனை முகங்கள். எந்தப் பக்கம் போவது? மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"றெஜினா... அதை... பேந்து பாப்பம்."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தமென்று அந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. றெஜினா உட்கார்ந்து, மகளின் பனி உடுப்பின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

அஜந்தா தோற்றாள். ஆனால் அரசாங்கம் கேட்ட அளவுக்கு வாக்கு விழுந்திருந்தது. மாசி மாதத்துக் கடும் பனியில் காசு வந்து, வங்கிக் கடன் அடைந்தது. தியாகலிங்கமே போன் எடுத்தார்.

"பிள்ளை, உன்ர வெல்பெயர் வந்திட்டுதாம்! இனி நீ ஆருக்கும் பயப்பிடத் தேவையில்லை."

அவர் சொன்னது உண்மைதான். இனி அவளை யாரும் எதுவும் செய்ய முடியாது. போனை வைத்த கையோடு ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு றெஜினாவின் வீட்டுக்கு ஓடினாள். அங்கே குசினி அடுப்பின் கீழே கேக் சுடும் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. அதிலிருந்து வந்த சூட்டுக்கு முன்னால் பனி உடுப்போடு உட்கார்ந்து பிள்ளை படம் கீறிக்கொண்டிருந்தது.

"நாங்கள் முறைப்பாடு குடுப்பம் றெஜினா. நானே உன்னோட வந்து கதைக்கிறன். எல்லாரின்ர முன்னாலையும் அவரின்ர பேரைச் சொல்லுறன். இனி என்னை ஒருத்தரும் மறிக்கேலாது."

தலையில் கம்பளித் தொப்பியோடு நின்ற றெஜினா, தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவளுடைய முகத்தில் கோபமே இல்லை.

"குடியுங்கோ அக்கா, ஆறப்போகுது" என்றாள். "அதைப் பேந்து பாப்பம்."