பின்லாந்துப் பழத்தில் வேப்பிலை

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. மயிலாப்பூரில் எந்தக் கோயில் கொடிமரத்தைத் தொட்டும் சொல்லலாம்.

மந்தைவெளியில் சண்முகசுந்தரத்தின் பழக்கடை வாசல் ஓரமாகப் பதினெட்டு வருஷம் நாவல்பழக் கூடையோடு உட்கார்ந்தவள் வேலம்மா. அன்று காலை வந்து பார்த்தால் அவள் இடத்தில் ஒரு பூந்தொட்டி உட்கார்ந்திருந்தது. அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

"இன்னா அண்ணாச்சி, என் இடத்துல செடி வெச்சிக்கினு கீற?"

"இது ஃபாரின் பழம் விக்குற கடை தாயி. உன் கூடையில ஈ மொய்க்கி. வேற இடம் பாரு."

ஈயா? அவள் கூடையிலா? ஈ அண்டக் கூடாதென்றுதானே தினமும் பழத்துக்கு நடுவே வேப்பிலை போடுகிறாள்! விறுவிறுவென்று கடைக்குள் ஏறினாள். கண்ணாடி அலமாரியில் பெரு நாட்டு புளூபெர்ரி, சிலி நாட்டு ராஸ்பெர்ரி. எல்லாவற்றுக்கும் மேலே, டப்பா தொள்ளாயிரம் ரூபாய்க்கு, 'பின்லாந்துக் காட்டு பெர்ரி. பனியில், கரடிகளுக்கு நடுவே பறித்தது.'

டப்பாவுக்குள் ஒரு வேப்பிலை.

கடை டிரைவர் செந்தில்குமார் தினமும் "வீட்டுக்கு" என்று அவளிடம் இரண்டு கூடை வாங்கிப்போனது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணாச்சி, பின்லாந்துல வேப்பமரம் கீதா?"

"அங்க எல்லா மரமும் உண்டு."

"கரடிங்க ஆத்தாவுக்குக் கூழ் ஊத்துதா?"

டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்ட வாடிக்கைக்காரி சுந்தரவல்லி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "பெர்ரிக்குள்ள இவ்வளவு பெரிய கொட்டையா?"

"அது பனியில இறுகிப்போச்சும்மா."

"யோவ்!" வேலம்மா போட்ட சத்தத்தில் மந்தைவெளி ஸ்டேஷனுக்குள் வந்த ரயில் வந்த வழியே பின்னால் போனது. சாந்தோம் கடல் இரண்டு அலையை விழுங்கிக்கொண்டது. "என் பழத்த டப்பாவுல அடைச்சு விப்ப, நான் வாசல்ல குந்துனா உனக்கு அசிங்கமா? நீட்டுய்யா நாக்க!"

பயத்தில் அண்ணாச்சியின் நாக்கு தானாக நீண்டது. தொண்டைவரை கத்தரிப்பூ நிறம். பின்லாந்து பெர்ரியை ருசி பார்த்துவிட்டு வாங்க வரிசையில் நின்ற பதினேழு பேரும் ஏனென்று தெரியாமல் நீட்டினார்கள். பதினேழும் அதே நிறம்.

"காலையிலேர்ந்து அல்லாரும் என் பழத்ததான் தின்னுக்கினு கீறீங்க!"

"தொட்டியத் தூக்குங்க!" என்று வரிசை மொத்தமும் கத்தியது. சண்முகசுந்தரம் தானே தொட்டியை இடுப்பில் சுமந்து உள்ளே போனார். வேலம்மா புடவையை உதறிச் செருகிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். கோபம் மட்டும் இறங்கவில்லை. அன்று முழுக்க, விலை கேட்டவர்களையெல்லாம் முறைத்தாள்.

கொடிமரத்தைத் தொட்டே சொல்கிறேன், இது நடந்தது மார்கழி மாதம். சென்னைக்கு நாவல்பழம் வருவது ஆனி, ஆடியில்.