பெயர் கொடுக்காத ஞாயிறு

ஞாயிறு ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் இராப்போஜனத்தில் பங்குபெறுகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே போதகர் வீட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட வேண்டும். ஆம்பூரில் அவர்கள் சபையின் பழக்கம் அது. ஞானசீலன் இருபத்தாறு வருஷமாகத் தவறாமல் பெயர் கொடுத்தவர். அந்தச் சனிக்கிழமை, பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லத்தான் போனார்.

மனைவி ரோஸ் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்து நாலு மாதம். அடக்கம் முடிந்த அன்றே மச்சினி ஜெயபுஷ்பம் சொல்லிவிட்டாள்: "நீங்க முழு விசுவாசத்தோட ஜெபிச்சிருந்தா அக்கா எழுந்து உக்காந்திருக்கும் மாமா. எங்கியோ கம்மி."

அந்தக் கம்மியை நிரப்பத்தான் நாற்பது நாள் மத்தியானச் சோற்றை விட்டார். விடிகாலையில் முழங்காலில் நின்றார். தோல் ஷாப்பில் கூட வேலை செய்யும் நசீர் அகமது கிண்டல் பண்ணினார்.

"இன்னா தோஸ்த், எங்க நோன்புக்காவது சாயங்காலம் கஞ்சி உண்டு. உன்னுது எப்பதான் தொறக்கும்?"

ஞானசீலனும் சிரித்துவைத்தார்.

போதகர் ஜெபராஜ் அவரைவிடப் பத்து வயது சின்னவர். நோட்டை விரித்ததும் ஞானசீலன் தடுத்தார்.

"எழுதாதீங்க ஐயா. எனக்கு விசுவாசம் இல்ல."

"இன்னாண்ணே சொல்றீங்க?"

"முட்டி தோல் உரிஞ்சிப் போச்சு. வயித்தக் காயப் போட்டேன். உள்ள ஒன்னும் வர்ல."

"அது நம்ம முயற்சியில வர்றதில்லண்ணே. தேவன் குடுக்கறது."

"அப்ப எனக்கு ஏன் குடுக்கல?"

போதகர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"தெரியலண்ணே. ஆனா இல்லாதவன்தானே கை நீட்டுவான்? எழுதிக்கறேனே."

"பொய்யா நீட்ட மனசு வர்ல ஐயா. வர்றேன்."

மறுநாள் ஆராதனையில் அப்பம் வாங்க எல்லாரும் பெஞ்சு பெஞ்சாக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். அவருடைய முட்டியை இடித்துக்கொண்டு பக்கத்து ஆட்கள் கடந்தார்கள். ஒருவர், "வர்லியா?" என்று கண்ணாலேயே கேட்டார். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், ரோஸ் உட்காரும் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நீளமான பெஞ்சில் அவர் மட்டும் மிச்சம்.

கண்ணை மூடவில்லை. கையைக் கூப்பவில்லை. பீடத்தைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்:

"என்னால ஆவல. குடுக்கறது உன் வேலைன்னா, நீயே குடு."

முன் பெஞ்சுக் கிழவர் திரும்பி முறைத்தார்.

இராப்போஜன நேரத்தில் எழுந்து வெளியே போய்விடலாம் என்றுதான் காலையில் நினைத்திருந்தார். போகவில்லை. கடைசி ஆள் திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.