கல்லாற்றுச் சாயாக்கடைக்காரன்

போன ஞாயிற்றுக்கிழமை சிவதாணு சொன்னது சீதாலக்ஷ்மியை வாரம் முழுக்கக் குடைந்துகொண்டே இருந்தது.

"கோவிச்சுக்கப்பிடாது சீதா. கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை நீங்களே சொல்லி முடிச்சிருதியோ. பொறவு நாங்க மூணு பேரு எதுக்கு?"

1983-இல் அவர்கள் ஆடிய அந்தக் கதை விளையாட்டு திருவனந்தபுரத்துக்குப் புதிது. பாஸ்டனிலிருந்து லீவில் வந்த சீதாவின் அண்ணன் கொடுத்துவிட்டுப் போனது. கட்டமும் இல்லை, காயும் இல்லை. கேம் மாஸ்டர் என்று ஒருவர் இடத்தையும் எதிர்ப்படும் ஆட்களையும் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்ப்புச் சொல்லும்.

ஸ்ரீவராகத்து வீட்டு மாடியறையில் சீதாதான் கேம் மாஸ்டர். அவளோடு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் சிவதாணு, கதையில் ராஜாவின் படையிலிருந்து விலகிய சிப்பாய். அதே கம்பெனி நேசமணி திருடன். அவன் தங்கை ரோஸ் வைத்தியச்சி. பொன்முடிக் காட்டுக்குள் புதையலோடு ஒரு பாழடைந்த பங்களாவை சீதா அறை அறையாகக் கட்டி வைத்திருந்தாள். அவர்கள் வேறு பக்கம் திரும்பினால் ஒற்றை யானையை விட்டு வழிமறிப்பாள். பகடையைப் பத்திரிகை மறைவில் உருட்டித் தனக்கு வேண்டிய எண்ணைச் சொல்வாள். சிவதாணு சொன்னது பொய்யில்லை.

இன்று வெளியே மழை கொட்டியது. கதையில் மூவரும் விதுரா தாண்டிக் கல்லாற்றுக்கு வந்திருந்தார்கள்.

"ஆத்தங்கரையில ஒரு சாயாக்கடை. கடைக்காரன் உங்களைப் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுண்டான்" என்றாள் சீதா. காட்சி அழகாக இருக்கட்டும் என்று போட்ட ஆள்தான் அவன்.

"எனக்கு அவன் மேலயாக்கும் சந்தேகம்" என்றான் நேசமணி. "பங்களா கிடக்கட்டும். அவன் எதுக்குத் தலையைக் குனிஞ்சான்?"

யானை சீதாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"எதுக்குன்னு நீங்கதான் சொல்லுங்கோளேன். உங்கள்ல யாருக்கு அவனைத் தெரியும்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி அவள் கேட்டதே இல்லை.

"எனக்குத் தெரியும் சீதாக்கா" என்றாள் ரோஸ் மெதுவாக. "அவன் பெஞ்சாதிக்குக் காய்ச்சல் வந்தப்போ மருந்து கொடுத்தது நானாக்கும். அவ பிழைக்கல்ல."

மாதக்கணக்காக யோசித்தும் இவ்வளவு கனமான ஒன்று சீதாவுக்குத் தோன்றியதில்லை. அடுத்த நொடி கடைக்காரன் அவள் தொண்டையிலேயே ஏறி உட்கார்ந்து பேசினான்.

"வாங்க வைத்தியரம்மா. எனக்கு ஒரு மகளும் இருந்தா. பங்களாப் பக்கம் விறகு பொறுக்கப் போனவ திரும்பி வரல்ல. அவளையாவது கொண்டுவந்து தருவியளா?"

"இப்பவே போலாம்" என்று நேசமணி எழுந்தே நின்றுவிட்டான்.

இத்தனை நாள் இழுத்தும் வராதவர்கள் இன்று தாங்களாகவே பங்களாவுக்குக் கிளம்பியதைப் பார்த்து சீதாவுக்குச் சிரிப்பும் படபடப்புமாக வந்தது. ஆற்றில் வெள்ளம். கடைக்காரன் வழிகாட்ட, கயிறு கட்டிக் கடக்கத் தீர்மானித்தார்கள். சிவதாணு கடைசி ஆள். சீதா பத்திரிகையைத் தூர வைத்துவிட்டுப் பகடையை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"பத்துக்கு மேல விழுந்தா கரையேறிடலாம். குறைஞ்சா கயிறு அறுந்துடும். எல்லாரும் பார்க்க உருட்டுங்கோ."

பகடை பாயில் உருண்டு நின்றது. இரண்டு.

மாற்றிச் சொல்ல இனி இடமில்லை. "கயிறு அறுந்துடுத்து" என்றாள் சீதா. "கடைக்காரன் கையை நீட்டறான். பிடிச்சா நீங்க பிழைக்கலாம். ஆனா வெள்ளம் அவனை இழுத்துண்டு போயிடும். என்ன பண்றேள்?"

சிவதாணு பாயில் கிடந்த அந்த இரண்டையே பார்த்தார். ரோஸ் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கையைப் பிடிக்கல்ல" என்றார். "அவனுக்கு மகளைப் பாக்கணும்லா. நான் போறேன்."

மூவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சிப்பாய் நீந்துவானா, கீழே பாறை உண்டா, உடல் கிடைக்குமா என்று ஒரே கேள்வி.

"நான் செத்தாச்சா சீதா?" என்று கேட்டார் சிவதாணு. அவர் முகத்தில் அப்படியொரு களை.

"சத்தியமா தெரியல்ல" என்றாள் சீதா. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"அது தெரியுத வரைக்கும் நான் சும்மா இருக்கணுமா? கடைக்காரனா நான் பேசட்டா?" என்றார் சிவதாணு.

தான் உண்டாக்கிய ஆளை இன்னொருவருக்குக் கொடுப்பதா என்று ஒரு கணம் மனசு பிடித்து இழுத்தது. "பேசுங்கோ" என்றாள்.

சிவதாணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோஸ் பக்கம் திரும்பினார். "பங்களாவுக்கு முன்வாசல் வழியா போகப்பிடாதும்மா. பின்னால ஒரு வழி உண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

சீதா கட்டிய பங்களாவில் பின்வழியே கிடையாது. அவள் பாயில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்கோ, அந்த வழி எப்படி இருக்கும்?"