நான்கு முறை இழுத்தால்

அப்பா ஏணியில் வலது காலை முதலில் வைத்தார். இடது காலைக் கையால் தூக்கித்தான் அடுத்த படியில் வைக்க வேண்டியிருந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நான் குறுக்கே நின்று, கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். போன மழைக்காலத்தில் கடலடியிலிருந்து அவசரமாக மேலே வந்த நாள் முதல் அந்தக் காலில் உணர்ச்சி குறைவு. இனி காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். முதலாளி விஜயன் பாஸுக்குத் தெரிந்தால் மறுநாளே எங்களை மெர்சிங் படகுத்துறையில் துணிப்பையோடு இறக்கிவிடுவார்.

நாங்கள் இருப்பது கேலோங்கில். கடலுக்குள் தூண்களை நட்டு மேலே பலகை பரப்பிய மீன்பிடி மேடை. கரையிலிருந்து படகில் அரை மணி நேரம். சனி, ஞாயிறுகளில் தூண்டில் போட வருகிறவர்களுக்கு நான் சமைப்பேன். அப்பா வலை தைப்பார், அடியில் சிக்கியதை முங்கி எடுப்பார். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது. இங்கே குரல் தேவைப்படவில்லை. அப்பாவின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்கும். ஒரு முறை இழுத்தால் நலமா என்று அர்த்தம். இரண்டு முறை இழுத்தால் இன்னும் தள்ளிப் போ. நான்கு முறை இழுத்தால் மேலே வா.

அன்று வந்தவர்களில் பெரியவர் சபாபதி. நண்டும் பீருமாகச் சாப்பிட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலில் வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முன்பல் நான்கும் இல்லை என்று தெரிந்தது. கட்டுப்பல். பத்து பாகாட் நகரில் மறுநாள் காலை அவர் மகளுக்குப் பரிசம்.

“பொக்க வாயோட சம்பந்தி முன்னால நிக்கச் சொல்றியா?” என்றார் வாயைப் பொத்திக்கொண்டு.

“கவலய விடுங்கண்ணே. நம்ம மதி இருக்கான். ஊசி விழுந்தாலும் எடுத்துருவான்,” என்றார் விஜயன் பாஸ், அப்பாவைக் காட்டி.

“நைட்ல தனியா எறங்குறது கஷ்டம் பாஸ்,” என்றார் அப்பா. “விடிஞ்சோன பாக்கறேனே.”

“விடிஞ்சா அண்ணன் போட்ல இருப்பாரு. ஏன், வயசாயிருச்சா? சொல்லு லா, வேற ஆள் பாத்துக்கறேன்.”

அப்பா சிலிண்டரை எடுக்கப் போனார்.

தண்ணீருக்குள் அவர் விளக்கு ஒரு பச்சைக் கறையாகத் தெரிந்தது. அது நீளமாக ஒரு கோடு போகும், திரும்பும், பக்கத்திலேயே இன்னொரு கோடு வரும். வீடு பெருக்குகிறவர் மூலை விடாமல் பெருக்குவதுபோலத் தேடினார். விஜயன் பாஸ் என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். “நான் புடிக்கிறேன். நீ போயி தட்டெல்லாம் எடு.”

சபாபதியின் தட்டுக்கு அடியில் ஒரு டிஷ்யூ உருண்டை இருந்தது. நண்டு கடிக்க முடியாமல் கழற்றி வைத்திருக்கிறார். பிரித்தேன். நான்கு பற்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

ஓடிப்போய் நீட்டினேன். ஒரு நொடி எல்லாரும் அதையே பார்த்தார்கள். பிறகு மேடையே ஆடும்படி சிரிப்பு. சபாபதி பீரில் பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டார். நான் கயிற்றுக்குக் கை நீட்டினேன். விஜயன் பாஸ் தரவில்லை.

“இரும்மா. எவ்ளோ நேரம் தேடுறான்னு பாப்போம்.”

“பாவம்ப்பா, கூப்புடு,” என்றார் சபாபதி, சிரித்துக்கொண்டே.

“பாவமா? மாசம் பூரா சும்மாதான ஒக்காந்திருக்கான்.” கயிற்றைத் தூண்டில்போல் வெட்டி வெட்டி இரண்டு முறை இழுத்தார். “அண்ணே, பெரிய மீனு!”

பச்சைக் கறை தூண்களைத் தாண்டி இருட்டுப் பக்கம் நகர்ந்தது.

“தள்ளிப் போகச் சொல்றீங்க,” என்றேன்.

“என்னது? ஊமச்சிக்கு வாய் வந்துருச்சு டோய்!” என்றார் கூட வந்த ஒருவர். என் குரலைக் கீச்சென்று இன்னொருவர் சொல்லிக் காட்டினார். விஜயன் பாஸ் மறுபடி இரண்டு முறை இழுத்தார். அப்பா இன்னும் தள்ளிப் போனார். கயிறு சொன்னதை அவர் கேட்காமல் இருந்ததே இல்லை. கயிற்றின் இந்த முனையில் நான் இருப்பதாகத்தான் நினைத்திருப்பார்.

விஜயன் பாஸ் தலையைத் திருப்பிய நேரத்தில் கயிற்றின் நடுவைப் பிடித்து நான்கு முறை இழுத்தேன்.

அப்பா மேலே வர வெகுநேரம் ஆனது. ஏணியைப் பிடித்தபடி வாயிலிருந்த குழாயை எடுத்தார். உதடு வெளுத்திருந்தது. காற்றுமானியின் முள் சிவப்பைத் தொட இருந்தது.

“கெடைக்கல பாஸ். ஒரே சேறு. மன்னிச்சிருங்க.”

“நல்லாத் தேடுனியா? அந்தப் பக்கம் பாத்தியா?”

சபாபதி வாயை இறுக மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது.

“இன்னொரு தடவ பாக்கறேன்,” என்றார் அப்பா.

“அப்பா, பல்லு கெடச்சிருச்சு,” என்றேன். “அவரு வாயிலதான் இருக்கு.”

சபாபதியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்தார். விளக்கு வெளிச்சத்தில் நான்கும் தெரிந்தன.

“ஜோக்குடா மதி. கோவிச்சுக்காத லா,” என்றார் விஜயன் பாஸ்.

அப்பாவும் சிரித்தார். “நல்ல ஜோக்கு பாஸ்.” கன்னத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், “கத்தியக் கீழ விட்டுட்டேம்மா. எடுத்துட்டு வந்துர்றேன்.”

கத்தி அவருடைய இடது காலில், உறைக்குள், வாரோடு இருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். குழாயைக் கவ்விக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவர்கள் சீட்டுக்கட்டைப் பிரித்து உட்கார்ந்தார்கள். கயிறு என் கையில் இருந்தது. நான்கு முறை இழுத்தேன். மறுபடி நான்கு முறை. கயிறு தளரவும் இல்லை, இழுபடவும் இல்லை. விளக்கு இந்த முறை கோடு போடவில்லை. நேர் கீழே ஒரே இடத்தில் நின்றது. அதைச் சுற்றிச் சின்ன மீன்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவிலிருந்து குமிழ்கள் வந்தன. ஒரு கொத்து. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கொத்து.