பதினேழாம் நம்பர் வில்லை

விடியுமுன்னே பசி வந்துவிட்டது. முதல்நாள் இருட்டிய பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கக்கூடாது, வெறும் வயிற்றில்தான் இரத்தம் எடுக்க வேண்டும் என்று வெள்ளவத்தை லேப்காரன் சொல்லியிருந்தான். யோகராஜின் வயிற்றுக்கு அது விளங்கவில்லை. மூன்று வருடமாக அது மூட்டை தூக்குகிறவனின் வயிறு. இடது தோளிலிருந்து பிடரிக்கு ஏறும் வலி பழகியது, அதை அவன் கணக்கில் எடுப்பதில்லை. பசிதான் குடலைப் பிடித்து இழுத்தது.

கொட்டாஞ்சேனையில் டோரின் அக்கா வீட்டுக்குப் பின்னால் பலகை அடித்த அறை அவனுடையது. அவள் பின்கதவைத் திறந்து பிளேன்டி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். இரத்தத்தில் தேயிலை இருந்தால் சீனாக்காரனுக்குப் பிடிக்காதோ என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

தேயிலை அவன் இரத்தத்தில் பிறந்தபோதே இருந்தது. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். ஏ.எல். பாஸ் பண்ணினான், கெம்பஸுக்குப் புள்ளி போதவில்லை. கொழும்புக்கு வந்து கிராண்ட்பாஸ் பக்கம் வெள்ளைப்பூடு, வெங்காயம் இறக்குகிற ஒரு ஸ்டோர்ஸில் மூட்டை தூக்கும் நாட்டாமியாகச் சேர்ந்தான். வெள்ளைப்பூடு எல்லாம் சீனாவிலிருந்து வந்தது. வலைச் சாக்கின் நடுவே சிவப்புப் பட்டியில் சீன எழுத்து. ஒரு சுமைக்கு மூன்று சாக்கு. லொறியிலிருந்து உள்ளே போகிற தூரம் முழுக்க அந்த எழுத்து கன்னத்தில் உரசிக்கொண்டு வரும். என்ன எழுதியிருக்கிறான் என்று தெரியாமல் சுமப்பது அவனுக்கு எரிச்சலாக இருந்தது. தொடக்கம் அவ்வளவுதான். பிறகு சிற்றலை வானொலியில் சீனாக்காரர்கள் தமிழில் நடத்தும் நிகழ்ச்சியைப் பிடித்தான். வாரத்துக்கு ஒரு பாடம். கடிதம் எழுதினால் இனாமாகப் பாடப் புத்தகம் அனுப்பினார்கள். அந்த உறையைத் தபால்காரன் கொண்டுவந்தபோது, இந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து தமிழ்ப் பொடியனுக்கு என்ன கடிதம் என்று டோரின் அக்கா இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. யுத்தம் வன்னியில் நடந்தாலும், 2008இல் கொழும்பில் ஒரு தமிழன் வீட்டுக்கு வரும் உறையைக்கூடப் பிரித்துப் பார்த்துத்தான் நம்பினார்கள்.

புலமைப்பரிசில் விளம்பரம் பத்திரிகையில் வந்தது. சீனாவில் ஒரு வருடம் சீன மொழி படிக்கலாம். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. யோகராஜ் விண்ணப்பித்தான். நேர்முகத்துக்கு வரச் சொல்லி அமைச்சிலிருந்து கடிதம் வந்தது, பிற்பகல் இரண்டு மணி. மருத்துவச் சான்றிதழையும் அன்றைக்கே கொடுக்க வேண்டும். பொலிஸ் அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போதும். அந்த அறிக்கைக்கு அவன் எழுதிப் போட்டு மூன்று வாரமாகிவிட்டது. விண்ணப்பத்தை வாங்கிய பொலிஸ் அலுவலகத்துக் கிளாக், வதிவிடப் பொலிஸில் உன் பேர் எதிலாவது ஏறியிருக்கிறதா என்று கேட்டுத்தான் தருவோம், ஏறவில்லையென்றால் பயமில்லை என்று சிங்களத்தில் சொல்லியிருந்தான். ஏறவில்லை. சுற்றிவளைப்புகளில் லைனில் நின்றிருக்கிறான், அடையாள அட்டையை நீட்டியிருக்கிறான். எந்தப் புத்தகத்திலும் அவன் பெயர் இல்லை. அதை ஒரு சொத்து மாதிரி அவன் காத்து வைத்திருந்தான்.

வேலைக்கு ஒரு நாள் வராமல் இருப்பதற்கு நாட்டாமிகளிடம் ஒரு முறை உண்டு. ஸ்டோர்ஸில் இரண்டு செட், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேர். ஒருவன் வராவிட்டால், ஓய்வு நாளில் இருக்கும் இன்னொருவன் அவனுக்காகச் சுமப்பான். அதற்குக் காசு கொடுக்கக்கூடாது. வாங்குகிறவனைச் செட்டை விட்டே தள்ளிவிடுவார்கள். சுமந்த நாளைச் சுமந்துதான் திருப்ப வேண்டும். மாற்றுக்கு வருகிறவன், வராதவனின் வில்லையை நெஞ்சில் குத்திக்கொள்வான். பித்தளை வில்லை, அதில் நம்பர். ஸ்டோர்ஸ் கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதில்லை, நம்பரைப் பார்த்துத்தான் புள்ளி போடுவார். அந்த வருடம் பொலிஸ் வந்து எல்லா நம்பருக்கும் எதிரே பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக்கொண்டு போனது. போன பிறகும் செட்டில் ஒருவனுக்கும் பழைய முறையை மாற்றத் தோன்றவில்லை.

அழகுமுத்து பதினேழாம் நம்பர் வில்லையை வாங்க விடியவே வந்தான். பதுளைப் பக்கத்து ஆள், யோகராஜை விடப் பத்து வயது மூத்தவன், இரண்டு பிள்ளை. வில்லையை எச்சில் தொட்டுத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொண்டான்.

"சீனாவுல போயி என்னாடா செய்யப் போற? அங்கயும் வெள்ளப்பூடு தூக்கவா?"

"அங்க தூக்கினா சாக்குல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தூக்கலாண்ணே."

"தெரிஞ்சா பாரம் கொறயுமா?" என்று சிரித்தான் அழகுமுத்து. "போ. ஒரு நாள் கடன், ஞாபகம் வச்சுக்க. பிளேன்ல ஏறுறதுக்கு முன்னாடி கழிச்சிட்டுப் போகணும்."

காலி வீதியில் பஸ்ஸை இரண்டு தரம் மறித்து எல்லாரையும் இறக்கிப் பார்த்தார்கள். லேப்பில் இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுப் படம் பிடித்தார்கள். வெள்ளவத்தையைத் தேடி வந்ததே அங்கே இருக்கும் டொக்டர் தமிழில் கதைப்பார் என்பதற்காகத்தான். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தம்பி பாரமான வேலையோ செய்யிறனீர்?" என்று கேட்டார். ஓமென்றான். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, தோள் எலும்பைத்தான் கவனிக்க வேண்டும், சீனாக்காரர் தோளைக் கேட்கவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழை மடிக்காமல் உறைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்துக் கடையில் உட்கார்ந்தான். இடியப்பமும் சொதியும் வந்தன. முதல் வாயை வைத்தபோது போன் அடித்தது. செட்டின் தலைவர் ஷரீப் நானா. மாளிகாவத்தைக்காரர், எதற்கும் குரல் உயர்த்தாதவர். இப்போதும் உயர்த்தவில்லை.

"எங்க ஈக்கிற மகன்? அழகுமுத்துவ பொலிஸ் கொண்டு பெய்த்துட்டாங்க."

காலையில் ஸ்டோர்ஸுக்குள் வந்து சோதித்திருக்கிறார்கள். அழகுமுத்துவின் அடையாள அட்டையில் ஒரு பெயர். நெஞ்சிலிருந்த வில்லைக்கு அவர்களுடைய பட்டியலில் வேறு பெயர். பதினேழாம் நம்பர்காரன் எங்கே, ஏன் வில்லையை இவனிடம் கொடுத்துவிட்டு ஒளிந்தான் என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. ஷரீப் நானா மாற்று முறையை விளக்கிப் பார்த்திருக்கிறார். அப்படி ஒரு முறை சட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி மாத்தறைக்குப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை.

"இன்னும் ஒண்டும் எழுதல்ல. ஸ்டேசனுக்குப் பொறுப்பான ஓஐசி வெளிய பெய்த்தீக்கிறாரு, ரெண்டு மணிக்கு வருவாரு. வந்தா எழுதிருவாரு. அதுக்கு முந்தி நீ வந்து, நான்தான் பதினேழு, எண்ட ஐ.சி. காட் இந்தா, இவன் எனக்காக வேல செஞ்சவன் எண்டு செல்லிட்டா, கதையோட முடிஞ்சிரும். அங்க ஈக்கிற பொலிஸ் சாஜன் நமக்குத் தெரிஞ்ச ஆள்."

"எனக்கு ரெண்டு மணிக்கு இன்டவியூ நானா."

மறுபக்கம் லொறி ஒன்று பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது.

"நான் வா எண்டும் செல்லல்ல, வராத எண்டும் செல்லல்ல" என்றார் ஷரீப் நானா. "ஈக்கிறத செல்லிட்டன்."

இடியப்பம் அப்படியே கிடந்தது. காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். மணி பதினொன்று ஆகவில்லை. கோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினான், பம்பலப்பிட்டியில் இறங்கினான், அடுத்த பஸ்ஸில் ஏறினான், கொள்ளுப்பிட்டியில் மறுபடி இறங்கினான். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கடலோரம் ரயில் போனது. பாதையோரத்தில் இளநீர் வெட்டுகிறவன் "மல்லி, ஓனத?" என்று இளநீரைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டான், வேண்டுமா தம்பி என்று. நடந்துகொண்டேயிருந்தான்.

பொலிஸுக்குப் போனால் எத்தனை மணிக்கு விடுவார்களோ தெரியாது, நேர்முகம் போய்விடும். அடுத்த வருடம் விண்ணப்பிக்க வயது எல்லை தாண்டிவிடும். நேர்முகத்துக்குப் போனால் அழகுமுத்து இன்னும் நாலைந்து மணி நேரம் உள்ளே இருப்பான். நாலைந்து மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்? அழகுமுத்து லைனில் நின்று பழகியவன். சாஜன் தெரிந்த ஆள். ஓஐசிமார் சொன்ன நேரத்துக்கு எங்கே வருகிறார்கள்? நேர்முகம் முடிந்தவுடன் த்ரீவீலர் பிடித்துப் போய்விடலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான், எல்லாம் சரியாகத்தான் இருந்தன. தனக்கு வேண்டியபடி சரியாக இருக்கின்றன என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அமைச்சுக்குப் போகிற பஸ் வந்தது. ஏறினான். இந்த முறை இடையில் இறங்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு அதிகாரிகளும் ஒரு சீனப் பெண்ணும் இருந்தார்கள். அதிகாரிகள் ஆங்கிலத்தில் கேட்டார்கள், அவன் தட்டுத் தடுமாறிச் சொன்னான். எங்கே வேலை என்று கேட்டபோது வெள்ளைப்பூடு ஸ்டோர்ஸ் என்றான். எழுத்து வேலையா என்றார்கள். இல்லை, தூக்குகிற வேலை. ஒரு அதிகாரி மற்றவரைப் பார்த்தார். சீனப் பெண் சீனத்தில் பெயர் கேட்டாள். வானொலிப் பாடத்தில் இருந்தபடி சொன்னான். அவள் முகம் மலர்ந்து வேறொன்று கேட்டாள். அது பாடத்தில் இல்லை. மன்னியுங்கள், விளங்கவில்லை என்று சொல்ல மட்டும் தெரிந்தது, அதைச் சொன்னான். அவள் சிரித்து, விளங்கவில்லை என்பதை நன்றாகவே சொல்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அப்போது சுவர்க் கடிகாரம் இரண்டு நாற்பது. அதற்குப் பிறகு கேட்டவை எதுவும் அவன் காதில் சரியாக விழவில்லை. எழும்பும்போது பெரிய அதிகாரி கோப்பைத் தட்டி, எல்லாம் இருக்கிறது, பொலிஸ் அறிக்கை மட்டும் வெள்ளிக்கிழமை வந்தால் உன் இடம் உனக்கு என்றார்.

பொலிஸுக்குப் போய்ச் சேர நாலு மணி தாண்டிவிட்டது. வழியில் ஏதோ பொதி கிடந்ததாம், தெருவை மறித்துவிட்டார்கள். வாசலில் ஷரீப் நானா நின்றார். அவனைப் பார்த்ததும் உள்ளே போகக் கையைக் காட்டினார். ஓஐசி இரண்டு மணிக்குச் சரியாக வந்திருந்தார். எழுதியிருந்தார். யோகராஜ் அடையாள அட்டையை நீட்டி, நான்தான் பதினேழு என்றான். நல்லது என்று அந்த மனிதர் அதே புத்தகத்தில் கீழே இன்னும் ஒரு வரி எழுதினார். வில்லையை இன்னொருவனுக்குக் கொடுத்தது, அழைத்து அனுப்பியும் நேரத்துக்கு வராதது, விசாரணை தொடரும். யோகராஜ் பெருவிரல் அடையாளமும் வைத்தான்.

அழகுமுத்து மாடிப்படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டு வீங்கி வழவழவென்று இருந்தது. சட்டையில் வில்லை குத்தியிருந்த இடத்தில் துணி கிழிந்திருந்தது. யோகராஜ் எதிரில் குந்தினான்.

"இன்டவியூ முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சு."

"எத்தன மணிக்கு?"

"ரெண்டர, மூணு இருக்கும்ணே."

அழகுமுத்து வீங்கிய கையைத் திருப்பிப் பார்த்தான். "எனக்கும் அந்நேரந்தான்" என்றான்.

அதற்கு மேல் அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. டோரின் அக்கா, யோகராஜ் தன் வீட்டில் பதிவு செய்து இருக்கிறவன் என்று சொல்ல, தேவாலயத்துக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஷரீப் நானா அழகுமுத்துவுக்குக் கையெழுத்துப் போட்டார். பொழுது சாயும் நேரத்தில் இருவரையும் விட்டார்கள். வில்லையை விடவில்லை.

வெள்ளிக்கிழமை பொலிஸ் அறிக்கை எடுக்கப் போனான். அதே கிளாக் தாளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். விசாரணை முடிந்த பிறகு வா மல்லி என்றான். எப்போது முடியும் என்றதற்கு, அது தனக்கு எப்படித் தெரியும் என்றான். அமைச்சுக்குப் போன் பண்ணினான். நாலு மணி வரைக்கும் பார்ப்போம் என்றார்கள். நாலு மணிக்கு அவன் கொட்டாஞ்சேனைச் சந்தியில் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை இரண்டு லொறி வெள்ளைப்பூடு வந்தது. அழகுமுத்து கையில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். யோகராஜ் தன் சுமையை முடித்துவிட்டு, அழகுமுத்துவின் பங்கையும் தானே தூக்கத் தொடங்கினான். சாயந்தரம் பிடரி நரம்பு கம்பி போல விறைத்து நின்றது. ஷரீப் நானாவிடம் போய், இன்றைக்கு நான் சுமந்ததை அழகுமுத்து அண்ணனின் நாளுக்குக் கழித்துவிடுங்கள் என்றான்.

ஷரீப் நானா கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

"கை ஒடஞ்சவன்ட பங்கு செட்டுச் சுமக்கிற பங்கு. அத நீ தனியத் தூக்கினது ஒண்ட விருப்பம். ஒரு மாசத்துக்கு பதினொரு பேரும் சேந்து தூக்குவோம். அது கடன்ல சேராது." துவாயை உதறித் தோளில் போட்டார். "மாத்து நாள், சொகமான கையோட அவன் ஒரு நாள் வீட்ட ஈக்க, அவனுக்காக நீ சுமந்தாத்தான் கழியும்."

அன்றைக்குப் பத்து மணி வரைக்குந்தானே நான் சுமந்தேன், அரை நாளாகப் போட்டுவிடுங்கள் என்று வாசலிலிருந்து அழகுமுத்து சொன்னான். மிச்ச அரை நாள் அவனுக்காக நீ எங்கே இருந்தாய் என்று ஷரீப் நானா கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

வெளியே கடைசி லொறியின் பின்கதவை அடித்துச் சாத்தினார்கள். யோகராஜின் நெஞ்சில் வில்லை இல்லை. பொலிஸ் திருப்பித் தரும்வரை கணக்கப்பிள்ளை வெறும் தாளில் பதினேழு என்று எழுதிப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். அழகுமுத்துவின் கை ஆற எவ்வளவு நாள் போகுமென்று ஆஸ்பத்திரியில் சரியாகச் சொல்லவில்லை.

அழகுமுத்துவுக்கு யோகராஜ் ஒரு நாள் சுமை கடன். முழு நாள்.